கிழட்டு எஞ்சினுக்கு எந்த ஒயில்? – வாகனக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் கூடுதலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன: வாகனம் பழசு, என்ன ஒயில் போடுவது? காரணம் விளங்குகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் புத்தி என்று எல்லோரும் முடிவெடுத்துவிட்டோம். சரி, இந்தப் பக்கம் முழுக்க ஒயிலுக்கே. 20டபிள்யூ-50 என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் உங்களுக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம், ஆகவே கடையில் கேட்கிற மாதிரி 20-50 என்றே எழுதுகிறேன்.

அண்ணா, என்னிடம் 1998 ஆம் ஆண்டு 110 கொரோலா இருக்கிறது, 5ஏ எஞ்சின், மீற்றரில் 2 லட்சத்து 40 ஆயிரம். இவ்வளவு காலமும் 10-30 தான். இப்போது கராஜில் "எஞ்சின் தேய்ந்துவிட்டது, இனி 20-50 போடுங்கள்" என்கிறார்கள். புகை இல்லை, ஒயிலும் பெரிதாகக் குறைவதில்லை. மாற்றலாமா? – வெள்ளவத்தை வாசகர்

வேண்டாம் தம்பி. புகை இல்லை, ஒயில் இறங்கவில்லை, பிறகு எதற்காக மாற்றுகிறோம்? மீற்றரில் இருக்கிற எண்ணுக்காகவா? காலத்துக்கு ஒயில் மாற்றிய 5ஏ எஞ்சின் இதைவிட அதிகம் ஓடியும் நல்லபடி நிற்கும். (மீற்றர் உண்மையைத்தான் சொல்கிறதா என்பது வேறு கதை, அதை இப்போது கிளற வேண்டாம்.)

முதலில் அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிடுவோம். 20-50 என்றால் 20 பாகையிலிருந்து 50 பாகை வெயில் வரை தாங்கும் ஒயில் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், கடைக்காரர்களிலும் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முன்னால் நிற்கும் எண் குளிருக்கு, டபிள்யூ என்பது விண்டர். 20 என்று போட்ட ஒயிலை உறைநிலைக்குக் கீழே 15 பாகையில் வைத்துச் சோதிக்கிறார்கள், 15 ஐ 20 பாகை கீழே, 10 ஐ 25 பாகை கீழே, 5 ஐ 30 பாகை கீழே, அந்தக் குளிரில் எஞ்சின் சுற்றுமா என்று. நமக்குக் கொழும்பில் விடியற்காலையிலேயே 24, 25 பாகை. நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி விழுகிற நாளில் கூட 20 போட்ட ஒயிலுக்கு அது ஒரு குளிரே இல்லை. பின்னால் நிற்கும் எண்தான் எஞ்சின் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதைச் சொல்வது. அதை 100 பாகையில் அளக்கிறார்கள்: 30 என்றால் 9.3 இலிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (ஒயிலின் தடிப்பை அளக்கிற அலகு அது), 40 என்றால் 12.5 இலிருந்து 16.3 க்குள், 50 என்றால் 16.3 இலிருந்து 21.9 க்குள். ஆக 30 இலிருந்து 50 க்குப் போவது ஒரு படி இல்லை, இரண்டு படி. சூட்டிலேயே ஒயில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு தடித்துவிடும்.

காலையில் நிலைமை இன்னும் மோசம். 40 பாகையில் அளந்தால் வழக்கமான 10-30 ஒயில் 70 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருக்கும், 20-50 சுமார் 160, 170 இல் நிற்கும். 25 பாகையில் இரண்டும் இன்னும் தடிக்கும், இடைவெளியும் கூடும். இரவு முழுக்க நின்ற காரில் ஒயில் எல்லாம் வடிந்து எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தொட்டியில், அதாவது சம்ப்பில் கிடக்கிறது. சாவி திருப்பியதும் அது மேலே வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஏற வேண்டும், தடித்த ஒயில் அங்கே போய்ச் சேரத் தாமதிக்கும், அந்தச் சில வினாடிகளில்தான் தேய்மானம். கொழும்பில் குளிர் இல்லை, முன் எண்ணைக் கவனிக்கத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் காலையில் ஸ்டார்ட் எடுத்து, கேட்டைத் திறந்து, அப்படியே காலி வீதிக்கு இறங்குகிறவர் என்றால் உங்களுக்கு இது கட்டாயம் பொருந்தும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 20-50 போட்டால் 5ஏ எஞ்சின் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து டொயோட்டா ஏற்றுமதி மானுவல்களில் வெப்பநிலைக்கு ஏற்ப ஒயிலைக் காட்டும் ஒரு படம் இருக்கும், சூடான நாடுகளுக்கான கோட்டில் 15-40 உம் 20-50 உம் கூட உண்டு. ஜப்பானுக்குள் விற்ற அதே எஞ்சினுக்கு 5-30, 10-30. நம்முடைய கார்களில் பாதி ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை, மானுவலும் ஜப்பான் எழுத்தில், யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் ஒயில் பக்கத்தில் எண்கள் நாம் வாசிக்கிற எண்கள்தான், ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

எப்போது தடிப்பைக் கூட்டலாம்? எஞ்சின் கேட்கும்போது. கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வேலை செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, ஓஃப் செய்து பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஒயில் நிரப்பி, மீற்றர் எண்ணை ஒரு கடதாசியில் எழுதி டாஷ்போர்டுக்குள் வையுங்கள். 1000 கிலோமீற்றர் ஓடிய பிறகு அதே இடத்தில், அதே மாதிரிப் பாருங்கள். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லீற்றர். கால் லீற்றருக்குக் குறைவாக இறங்கியிருந்தால் 10-30 இலேயே நிம்மதியாக இருங்கள். அரை லீற்றர் அளவில் என்றால் ஒரு படி மட்டும் ஏறுங்கள், 10-40. அது கிடைக்காவிட்டால் 15-40. லீற்றரைத் தாண்டினால் எந்த ஒயில் என்ற கேள்வியே முடிந்துவிட்டது, ஓட்டை எங்கே என்று தேட வேண்டும்.

தேடும்போது மலிவானதிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினின் மேல் மூடியான டெப்பட் கவரில், உள்ளே சேரும் வாயுவை வெளியே எடுக்கிற ஒரு பிசிவி வால்வு இருக்கும், விரலளவு, அது அடைத்துக்கொண்டால் நல்ல எஞ்சினும் ஒயில் குடிக்கும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. காலையில் ஸ்டார்ட் எடுத்ததும் ஒரு புகை நீலமாக வந்து அடங்கினால் வால்வு சீல், அதாவது வால்வு வழியாக ஒயில் உள்ளே இறங்காமல் தடுக்கிற ரப்பர், போய்விட்டது. கடுகண்ணாவ இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டு இறங்கிவிட்டுத் திரும்ப அழுத்தும்போது பின்னால் நீலம் தெரிந்தாலும் வால்வு சீல்தான் முதல் சந்தேகம். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வால்வு சீல் மாற்ற எஞ்சின் இறக்கத் தேவையில்லை, அதைத் தெரியாமல் முழு எஞ்சினையும் மாற்றியவர்கள் உண்டு.

பி14 நிசான் சன்னி கார். காலி வீதி நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது சிவப்பு ஒயில் லைட் மினுங்கும், அக்சிலேட்டர் கொடுத்தால் போய்விடும். 20-50 போட்டேன், லைட் நின்றுவிட்டது. பிரச்சினை தீர்ந்த மாதிரித்தானே? – கொட்டாஞ்சேனை வாசகர்

தீரவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பனடோல் போட்ட கதை இது, சூடு இறங்கும், நோய் உள்ளே இருக்கும்.

அந்த லைட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது "ஒயில் குறைகிறது" என்று சொல்லும் லைட் இல்லை, அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகு எரியும் லைட். எடுத்துக்காட்டுக்கு, டொயோட்டாவின் பழைய ஏ வகை எஞ்சின்களுக்கு சேர்விஸ் புத்தகம் கேட்பது ஐட்லிங்கில் குறைந்தது சுமார் 0.3 பார், 3000 சுற்றில் 2.5 முதல் 5 பார் வரை. உங்கள் நிசானுக்கு எண் வேறு, முறை அதேதான். லைட் எரிகிற அளவுக்கு வந்துவிட்டால் பெயாரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் ஒயில் படலம் நிற்பதே சந்தேகம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு கேஜ் பூட்டச் சொல்லுங்கள், நல்ல கராஜில் அது இருக்கும், இல்லையென்று சொன்னால் கராஜை மாற்றுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங்கிலும் 3000 சுற்றிலும் அளக்க வேண்டும். இரண்டு எண்ணும் சரியாக இருந்தால் சுவிட்ச்தான் பழுது, புது சுவிட்சோடு வீட்டுக்குப் போகலாம், பழைய ஒயிலுக்கே திரும்பலாம். எண் உண்மையாகவே குறைவென்றால் சம்ப்பை இறக்கி ஒயில் உறிஞ்சும் வலையைப் பாருங்கள். மாற்றாமல் விட்ட ஒயில் கறுப்புக் களியாகி அந்த வலையை மூடியிருக்கும், நான் பார்த்த ஒன்றில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுதான் திறந்திருந்தது, மிச்சமெல்லாம் களியும் பழைய கஸ்கட் பசைத் துண்டுகளும். அப்படி இருக்கிற எஞ்சினுக்குத் தடித்த ஒயில் விடுவது இருக்கிற சின்ன வழியையும் அடைக்கிற வேலை. வலையும் சுத்தம், பம்பும் சரி என்றால்தான் பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எஞ்சின் செய்யக் காசு சேரும் வரைக்கும் 20-50 போட்டு ஓடுவதில் தவறில்லை, நானும் அதையே சொல்வேன். தெரிந்துகொண்டு ஓடுங்கள் என்பதுதான் விஷயம். யாழ்ப்பாணத்துக்கு மட்டும் அதில் போக வேண்டாம்.

பாடசாலை வான் ஓடுகிறேன், டொல்பின் என்று சொல்கிற டொயோட்டா ஹையேஸ், 3எல் டீசல் எஞ்சின். 15-40 போடுகிறேன். போட்டு இரண்டாம் நாளே கறுத்துவிடுகிறது. ஒயில் தரம் சரியில்லையா? 20-50 க்கு மாறினால் கறுக்காதா? எத்தனை கிலோமீற்றரில் மாற்ற வேண்டும்? – மட்டக்குளி வாசகர்

டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பதுதான் சரி. எரியும்போது வரும் புகைக்கரியை ஒயில் பிடித்து வைத்துக்கொள்கிறது, எஞ்சினில் ஒட்ட விடாமல். கறுக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். உங்கள் வானுக்கு 15-40 தான் அளவான தடிப்பு, விட்டு விலகத் தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு: கரி சேரச் சேர டீசல் ஒயில் தானாகவே தடிக்கும், 20-50 இல் தொடங்கினால் மாற்றும் நேரத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது கானின் பின்பக்கத்தில் ஏபிஐ என்ற வட்டத்துக்குள் இருக்கும் எழுத்து. எஸ் இல் தொடங்கினால் பெற்றோல், சி இல் தொடங்கினால் டீசல். சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4 என்று ஏறிக்கொண்டு போகும். சிஐ-4 2002 இல் வந்தது, உங்கள் எஞ்சினுக்கு அது தாராளம். அதற்குப் பிறகு வந்த சிஜே-4, சிகே-4 இரண்டும் புகைபோக்கியில் வடிகட்டி பூட்டிய புது எஞ்சின்களை மனதில் வைத்துச் செய்தவை, விலை கூட, உங்கள் வானில் அந்த வடிகட்டியே இல்லை. நீங்கள் அடிப்பது சுப்பர் டீசல் இல்லை, சாதாரண ஓட்டோ டீசல் என்று நினைக்கிறேன், அதில் கந்தகம் கூட. கந்தகம் எரிந்து வரும் அமிலத்தை அடக்குகிற காரம் ஒயிலில் நிறைய இருக்க வேண்டும், அந்த விஷயத்தில் சிஐ-4 உங்களுக்கு இன்னும் நல்லது.

கிலோமீற்றர் கணக்குத்தான் பாடசாலை வான்காரர்களை ஏமாற்றுகிறது. 5000 கிலோமீற்றர் என்று எல்லோரும் சொல்கிறோம். தெற்கு அதிவேகப் பாதையில் 90 இல் ஓடுகிறவருக்கு 5000 என்பது 55 மணி நேரம். காலை ஏழு மணிக்கு ஆமர் வீதிச் சந்தியில் நின்று நின்று, சராசரியாக மணிக்கு 15 கிலோமீற்றரில் ஊர்ந்து போகிறவருக்கு அதே 5000 என்பது 333 மணி நேரம். இதோடு, பிள்ளைகள் வரும் வரைக்கும் பாடசாலை வாசலில் ஏசி போட்டு ஐட்லிங்கில் நிற்கிற நேரம் மீற்றரில் ஏறுவதே இல்லை. நீங்கள் 4000 இல் மாற்றுங்கள், பில்டரோடு. பில்டரை ஒன்று விட்டு ஒன்று மாற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், பழைய பில்டருக்குள் மிஞ்சுகிற கறுப்பு ஒயில் புது ஒயிலோடு கலந்துவிடும்.

பைக் ஒயில் விலை கூடிவிட்டது என்று அப்பாவின் காருக்கு வாங்கிய 5-30 சிந்தெட்டிக்கில் மிச்சமிருந்ததை என் பழைய பல்சருக்குப் போட்டேன். எஞ்சின் சத்தம் குறைந்தது, ஆனால் நாலாம் கியரில் முறுக்கினால் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. – தெஹிவளை வாசகர்

கிளச் வழுக்குகிறது. காரில் கிளச் எஞ்சினுக்கு வெளியே, காய்ந்த இடத்தில் இருக்கிறது. பைக்கில் எஞ்சின், கியர்பொக்ஸ், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. பெற்றோல் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கார் ஒயிலில் வழுக்கல் மருந்து சேர்த்திருப்பார்கள், அது கிளச் தட்டுகளில் ஏறிக்கொண்டால் பிடிப்பு போய்விடும். பைக் ஒயிலில் ஜாசோ என்ற ஜப்பான் தரத்தின்படி எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும், அந்த எழுத்து தடிப்பு எண்ணை விட முக்கியம். ஸ்கூட்டருக்கு மட்டும் எம்பி, அதில் கிளச் காய்ந்தது.

தடிப்பைப் பொறுத்தவரை உங்கள் வண்டியில் தண்ணீர் ரேடியேட்டர் இல்லை, காற்றுதான் ஆற்றுகிறது, பொரளையில் சிக்னலுக்கு நின்றால் அந்தக் காற்றும் இல்லை. அதனால்தான் பஜாஜ் தன் பழைய பல்சர்களுக்கு 20-50 கேட்டது. காருக்கு வேண்டாம் என்று மேலே இவ்வளவு எழுதிவிட்டு இங்கே அதையே போடச் சொல்கிறேன், எஞ்சின் வேறு, சூடு வேறு. இப்போது உள்ளதை வடித்துவிட்டு எம்ஏ போட்ட 20-50 விடுங்கள், சில நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு அதையும் ஒருமுறை மாற்றுங்கள். கிளச் பெரும்பாலும் திரும்பிவிடும். தட்டு எரிந்த வாசனை வந்திருந்தால் மட்டும் கழற்ற வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டோ வைத்திருக்கிறவர்களுக்கும் இதே பதில்தான், அங்கேயும் கிளச் ஒயிலுக்குள்தான். போன மாதம் எழுதிக் கேட்ட மருதானை நானாவும் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

2013 டொயோட்டா அக்குவா ஹைபிரிட் வைத்திருக்கிறேன். ஒயில் மூடியில் 0-20 என்று எழுதியிருக்கிறது. சேர்விஸ் ஸ்டேஷனில், "இது ஜப்பான் குளிருக்கு, இங்கே தண்ணீர் மாதிரி ஓடிவிடும், 10-40 போடுங்கள்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? – பம்பலப்பிட்டி வாசகி

மூடி சொல்வதைக் கேளுங்கள் தங்கச்சி. ஜப்பானில் கோடையில் 35 பாகை தாண்டுகிற நாட்கள் உண்டு, அங்கேயும் இதே 0-20 தான் ஓடுகிறது. எஞ்சின் சூடேறிய பிறகு உள்ளே ஒயில் 90, 100 பாகையில் இருக்கும், வெளியே டோக்கியோவா கொழும்பா என்பது அதற்குப் பெரிதாகத் தெரியாது, தேர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதற்குத்தான் இருக்கின்றன.

ஹைபிரிட்டில் இன்னொன்று. எஞ்சின் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும், ஒரு சிக்னலுக்குள் இரண்டு தரம். ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே மேலே போக வேண்டும். விவிடி-ஐ என்று சொல்லும் வால்வு நேரத்தை மாற்றுகிற அமைப்பும் ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதற்குப் போகிற வழியில் ஊசி முனை அளவு வலை. டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பதும் ஒயில் அழுத்தத்தில்தான். இதற்கெல்லாம் மெல்லிய ஒயிலைக் கணக்குப் பண்ணித்தான் எஞ்சினைச் செய்திருக்கிறார்கள். 121 கொரோலா, விட்ஸ் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம், உங்களுடையதும் விவிடி-ஐ தான்.

அப்படியென்றால் 0-20 ஐ விட்டு விலகவே கூடாதா? பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி, ஒயில் கொஞ்சம் இறங்குகிறது என்றால் 5-30 போடலாம், அதுவும் அந்த எஞ்சினுக்கு அனுமதித்த தடிப்புத்தான். அதுக்கு மேலே போக வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம், பின் சீட்டுப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகிற வலை இருக்கிறது, சேர்விஸுக்குப் போகிற அன்றைக்கே அதில் உள்ள தூசியைத் தட்டச் சொல்லுங்கள். ஒயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அக்குவாக்காரர் யாரைக் கண்டாலும் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

என் தகப்பனார் காலத்து மொரிஸ் மைனர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுப்பேன். மகன் வெளிநாட்டிலிருந்து விலை கூடிய 5-30 ஃபுல் சிந்தெட்டிக் கொண்டுவந்து தந்திருக்கிறான். போடலாமா? – கறுவாத்தோட்டம் வாசகர்

மகனுக்கு நன்றி சொல்லி அதை அவர் வந்தால் ஓடுகிற காருக்கு வையுங்கள் ஐயா. மைனர் எஞ்சினைச் செய்த காலத்தில் நாம் இன்று பாவிக்கிற மாதிரி இரட்டை எண் ஒயில் சாதாரணமாகப் புழங்கவில்லை, வெறும் 30 தான். இடைவெளிகள் தாராளம், சீல்களும் அந்தக் காலத்து வடிவம். பின்பக்கம் ஒயில் சொட்டாத மைனரை நான் கண்டதில்லை, சொட்டாவிட்டால் உள்ளே ஒயில் இல்லையென்று அர்த்தம். இந்த முழுப் பக்கத்திலும் 20-50 ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று நான் சொல்லப்போகிற கார் இது ஒன்றுதான், சாதாரண மினரல் போதும்.

கேம் ஷாஃப்ட் தட்டையான டெப்பட்டில் உரசி ஓடுகிற எஞ்சின் இது. அந்த உரசலைக் காப்பது ஒயிலில் உள்ள நாகமும் பொஸ்பரசும் கலந்த ஒரு மருந்து. புது பெற்றோல் கார்களின் புகைபோக்கிக்குள் இருக்கும், புகையைச் சுத்தம் செய்கிற கற்றலிட்டிக் கன்வேர்ட்டரை அது கெடுக்கும் என்பதால், பெற்றோல் ஒயிலுக்கான எஸ்எம் என்ற ஏபிஐ தரம் வந்த 2004 இலிருந்து 30 உம் அதைவிட மெல்லியதுமான ஒயில்களில் பொஸ்பரஸ் 0.08 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். 40, 50 தடிப்புகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இவ்வளவு இறுக்கமில்லை. ஆக, உங்கள் வண்டிக்கு 20-50 இரண்டு விதத்தில் பொருத்தம். கிலோமீற்றரைப் பார்க்காமல் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கொழும்பு ஈரப்பதத்தில் நிற்கிற வண்டிக்குள் தண்ணீர் கோர்க்கும். எடுக்கிற ஞாயிறுகளில் அரை மணி நேரமாவது ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள், அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துவது எடுக்காமல் விடுவதை விட மோசம்.

நடுவழியில் ஒயில் குறைந்து, வேறு பிராண்ட், வேறு எண்தான் கிடைத்தால் கலக்கலாமா? – வத்தளை வாசகர்

தாராளமாக. ஏபிஐ தரம் பெற்ற எஞ்சின் ஒயில்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பதே விதி. மினரலும் சிந்தெட்டிக்கும் கூடக் கலக்கலாம், தடிப்பு இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும், அவ்வளவுதான். ஒயில் இல்லாமல் ஓடுவதை விட எந்த ஒயிலும் மேல். கியர் ஒயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

சிந்தெட்டிக் போட்டால் பழைய எஞ்சின் ஒழுகத் தொடங்கும் என்பது உண்மையா? – கிருலப்பனை வாசகர்

பாதி உண்மை. ஆரம்ப கால சிந்தெட்டிக் சில, ரப்பர் சீல்களைச் சுருக்கின, அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. இப்போதையவை அப்படிச் செய்வதில்லை. ஆனால் உங்கள் சீல் ஏற்கெனவே காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பை வருடக் கணக்கான களி அடைத்துக்கொண்டிருந்தால், சுத்தம் செய்கிற ஒயில் களியைக் கழுவிவிடும், சொட்டு வெளியே வரும். ஒயில் ஒழுக்கை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்திருக்கிறது. இரவில் காருக்கு அடியில் ஒரு பழைய கார்ட்போர்ட் மட்டையை விரித்து, முன் டயர் எங்கே நிற்கிறது என்று அதில் கோடு போட்டு வையுங்கள். காலையில் பொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தாலே டெப்பட் கவரா, கிராங்க் சீலா, வடிக்கிற நட்டா என்று ஓரளவு பிடித்துவிடலாம். டெப்பட் கவர் கஸ்கட் என்றால் காலைக்குள் முடிகிற வேலை, அதற்காக 20-50 க்குப் போகாதீர்கள்.

அதே காரணத்துக்காக, களி நிறைந்த எஞ்சினுக்கு எஞ்சின் பிளஷ் மருந்து ஊற்றுவதும் எனக்குப் பிடிக்காது. களி கட்டியாகப் பெயர்ந்து நேரே உறிஞ்சும் வலையில் போய் விழும். மலிவான நல்ல ஒயில் ஒன்றைப் போட்டு 1000 கிலோமீற்றரில் வடித்து, திரும்பப் போட்டு 2000 இல் வடித்து, மெல்ல மெல்லக் கழுவுங்கள்.

பஞ்சிகாவத்தையில் அதே கான் வேறு கடையை விடக் கணிசமாகக் குறைவு. வாங்கலாமா? – கிராண்ட்பாஸ் வாசகர்

பஞ்சிகாவத்தையில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, நான் உதிரிப்பாகம் வாங்குவதே அங்கேதான். ஆனால் ஒயில் மட்டும் கானைத் திறந்து பார்த்து வாங்க முடியாத பொருள். விலை "கணிசமாக" குறைந்தால் கணிசமாகச் சந்தேகப்படுங்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, மூடிக்குக் கீழே உள்ள பொயில் தாள் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா, கானில் அடித்த தொகுதி எண் விரலால் உரசினால் அழிகிறதா என்று பாருங்கள். முகவரின் கடையில் பில்லோடு வாங்குவது மிகவும் பாதுகாப்பு. சேர்விஸ் ஸ்டேஷனில் போடுவதென்றால் கானை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், பீப்பாவிலிருந்து பம்ப் பண்ணுகிற ஒயிலுக்கு எந்த எண் சொன்னாலும் நம்புவதற்கு வழியில்லை. அப்புறம், வெறும் கானை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே கான் வடித்த ஒயிலோடு யாருடைய காருக்காவது திரும்பி வரலாம்.